இரண்டரைச் சுற்று

அடுத்தவர் செய்த வேலையில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை எடுத்து, எங்கே தட்டினால் விழும் என்று பார்த்து, விழுந்ததும் அவர் பெயரைப் போட்டுக் குறிப்பு அனுப்புவேன். இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கொஞ்சம் திமிரும் உண்டு. கம்ப்யூட்டருக்கு வெளியே நானாகச் செய்த ஒரே ரிப்பேர் வேலை, என் அக்காவின் பழைய டீசல் காரில் விரல் நீளப் பித்தளை வால்வு ஒன்றைப் பொருத்தியது. அந்த வேலையில் தப்பு நடந்தபோது நான் யார் பெயரையும் எழுதி அனுப்பவில்லை. வாயைத் திறக்காமல் நின்றேன். ஒரு மனிதரைக் கெடுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

கார் உண்மையில் மாமாவுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. மாமா தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். மாமா பல வருடம் ரயிலில் பெங்களூருக்கு வந்து போய், பிறகு நீலசந்திராவில் வீடு பிடித்துக் குடியேறினார். அந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஒரு நாள் காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். தங்கவயலில் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

காரை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னோம். அக்கா பள்ளிக்கூட டீச்சர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் நாற்பத்தாறு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டாள். வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் காரிலேயே தங்கவயல் போய், மாமாவின் கல்லறையில் பூப் போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். காருக்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள்: மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் பானட்டைத் திறக்கக் கூடாது.

மெக்கானிக் என்றால் மாமாவின் சிநேகிதர். தங்கவயலில் இருவரும் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்தவர்கள். பொம்மனஹள்ளியில் தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப் வைத்திருந்தார். போர்டு கிடையாது, போர்டுக்குத் தேவையும் இல்லை. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பங்களில் யார் வண்டி வாங்கினாலும், மாதா கோயிலில் பூசை முடிந்து வாசலில் நின்று பேசும்போது யாராவது ஒருவர் அவரிடம் அனுப்பிவைப்பார். அக்காவை அவர் அண்ணி என்பார். என்னை மச்சான் என்பார். நான் அவரை அண்ணா என்பேன்.

அவருக்கு ஒரு வழக்கம். எந்த நட்டை முடுக்கினாலும், எந்த கிளாம்ப்பைப் பூட்டினாலும், தீக்குச்சி முனையால் மஞ்சள் பெயிண்டைத் தொட்டு அதன்மேல் ஒரு பொட்டு வைப்பார். "பொட்டு இருந்தா நான் தொட்டது மச்சான். கழண்டா என் சட்டையைப் புடி. பொட்டு இல்லன்னா வேற எவனோ கை வெச்சிருக்கான்" என்று சொல்லிச் சிரிப்பார். மாமாவின் காரைத் திறந்தால் உள்ளே மஞ்சள் பூத்துக் கிடக்கும்.

கார் சோர்ந்துபோக ஆரம்பித்தது. மேடு ஏறினால் முக்கியது, கறுப்பாகப் புகை விட்டது. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் பழைய கார்ப் பைத்தியங்களின் குழு ஒன்றில் இருந்தேன். நூறு வீடியோ பார்த்திருந்தேன். டர்போவைப் பற்றி ஊருக்கே பாடம் எடுப்பேன்; ஆனால் கையில் ஒரு நாளும் கிரீஸ் பட்டதில்லை.

டர்போ பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சுழற்சி வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அமுக்கி ஊட்டுகிறது. காற்று கூடினால் இழுவை கூடும். அளவு மீறாமல் இருக்கப் புகை போகும் வழியில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்றின் அழுத்தம் பென்சில் தடிமனுள்ள ஒரு ரப்பர் டியூப் வழியாக ஒரு தகர டப்பாவுக்குப் போகும். அளவைத் தொட்டதும் டப்பா ஒரு கம்பியைத் தள்ளிக் கதவைத் திறக்கும். குக்கரில் வெயிட் தூக்கி ஆவி விடுவது மாதிரிதான். நான் ஆன்லைனில் வாங்கிய வால்வு அந்த ரப்பர் டியூபின் நடுவில் உட்காரும். அதன் தலையில் இருக்கும் திருகைத் திருப்பத் திருப்ப, உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பாதிதான் டப்பாவுக்குத் தெரியவரும். கதவு தாமதமாகத் திறக்கும். வண்டி இழுக்கும்.

மெக்கானிக்கிடம் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன்: பொறாமை. மாமா போன பிறகு அக்கா வீட்டில் குழாய் ஒழுகினாலும், இன்வர்ட்டர் நின்றாலும் அவருக்குத்தான் போன் போகும். என்னைக் கூப்பிட்டால் போனில் ஆப் எப்படிப் போடுவது என்று கேட்கத்தான். அவளுக்காக நானும் ஒரு காரியம் செய்ய வேண்டும், செய்து முடித்த பிறகு, "வண்டி எப்படிப் போகுது பார்த்தியா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவு சின்ன ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்து வருகிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கியிருந்தேன். டியூபைக் கழற்றி, வேறு டியூபை இரண்டாக வெட்டி நடுவில் வால்வைச் சொருகினேன். அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை டாஷ்போர்டில் தற்காலிகமாக வைத்தேன். பெங்களூரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்க ஞாயிறு காலை விட்டால் நேரம் இல்லை, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தை விட்டால் இடம் இல்லை. ஏறி மிதித்தேன். ஊசி பாதியில் நின்றது. இறங்கி அரைச் சுற்று திருப்பினேன். மறுபடி ஓட்டம். இன்னும் அரைச் சுற்று. இரண்டரைச் சுற்றில் ஊசி அது நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வால்வைக் கறுப்பு டேப்பால் சுற்றி, பேட்டரிக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் படாமல் ஒளித்தேன். மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

ஊசி ஏன் பாதியில் நின்றது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பெரிய ரப்பர் பைப் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. ஊட்டிய காற்றில் பாதி வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் நான் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அக்காவும், "இப்போ பரவாயில்லைடா" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பானட்டைத் திறந்தது தெரிந்தால் கத்துவாள் என்று விழுங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள். நான் ஆபீசில் இருந்தேன்.

"ஊருக்குப் போறோமேன்னு வண்டியை அவன்கிட்ட காட்டினேன்டா. ஏதோ பெரிய பைப் கிழிஞ்சிருந்துச்சாம், புதுசு மாத்திட்டான். ஓட்டிப் பாத்துட்டு, 'சும்மா பிச்சிகினு போவுது அண்ணி, ஆனா ஸ்வல்ப சத்தம் ஜாஸ்தியா இருக்கு, ஊருக்குப் போய்ட்டு வந்ததும் கொண்டாங்க'ன்னான்."

கேட்ட அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓட்டை அடைபட்டுவிட்டது, திருகு இரண்டரைச் சுற்றிலேயே நிற்கிறது. இனி முழுசாக மிதித்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், என் ஒருவனுக்குத்தான் தெரியும். ஓசூர் ரோடு நெரிசலில் ஓட்டிப் பார்த்த மெக்கானிக்குக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை; அங்கே இரண்டாவது கியரைத் தாண்டினாலே அதிசயம். நான் செய்ய வேண்டியிருந்தது ஐந்து நிமிட வேலை. திருகைப் பழையபடி திருப்ப வேண்டும். அதற்கு நீலசந்திரா போய், அக்கா பார்க்கப் பானட்டைத் திறந்து, காரணம் சொல்ல வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் அக்கா வண்டியைத் தெருவில் எடுத்து எஞ்சினை ஓடவிட்டிருந்தாள். பின் சீட் முழுக்கச் சாமந்தி, மெழுகுவர்த்திக் கட்டு, கல்லறைக்கு அடிக்க ஒரு டப்பா வெள்ளை. "ஏறுடா, லேட்டாகுது" என்றாள். ஏறிவிட்டேன். அவள் எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹொஸ்கோட்டை தாண்டியதும் ரோடு காலியாகிவிட்டது. முன்னால் ஒரு லோடு லாரி. அக்கா மிதித்தாள். கார் எகிறிக்கொண்டு லாரியைத் தாண்டியது. அவள் சிரித்துவிட்டாள். மாமா போன பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அவரு ஓட்டும்போதுகூட இப்படிப் போனதில்லடா! அவன் கையே கைதான்!"

"மெதுவாப் போக்கா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் இன்னொரு லாரியையும் தாண்டினாள். கோலாருக்கு முன்னால் ஒரு மேட்டில் மூன்றாவது லாரியைத் தாண்டும்போது ஏதோ சப்தம் கேட்டது. பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை.

ஓரமாக நிறுத்தினோம். அக்கா தண்ணீர் வாங்க எதிர்ப்புறக் கடைக்குப் போனாள். திரும்பி வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். எனக்கு அது போதும். பானட்டைத் திறந்தேன். கொதிக்கிற எஞ்சினுக்குள் கை விட்டு, டேப்பைப் பிய்த்து, வால்வை உருவி எடுத்தேன். வெட்டாத பழைய டியூபை அன்றே காரின் டூல் பைக்குள் போட்டு வைத்திருந்தேன், அதை மாட்டினேன். வால்வு பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. தொடையைச் சுட்டது. பொறுத்துக்கொண்டேன். முந்தின நாள் செய்யாத ஐந்து நிமிட வேலையை மூன்றே நிமிடத்தில் செய்து முடித்தேன்.

கோலாரிலிருந்து வந்த ஒர்க்ஷாப்காரர் பார்த்துவிட்டு, பிரஷர் ஏறி ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்றார். பிறகு அக்காவிடம், "கொனெகெ யாரு முட்டித்ரு?" என்று கேட்டார். கடைசியாகக் கை வைத்தது யார் என்று.  அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, பூவையும் மெழுகுவர்த்தியையும் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தோம். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது ஃபாதர் எல்லாக் கல்லறைகளையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அக்கா வருடம் முழுக்கக் காத்திருப்பாள்.

மாமாவின் கல்லறை பளிச்சென்று இருந்தது. புல் செதுக்கி, வெள்ளை அடித்து, நான்கு மூலையிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. பக்கத்தில் மெக்கானிக் நின்றிருந்தார். "எங்க அண்ணி இவ்வளோ நேரம்? ஃபாதரை நிக்க வெச்சுகினே இருந்தேன்" என்றார். கையெல்லாம் சுண்ணாம்பும் மெழுகும்.

அக்கா வெடித்தாள். சுற்றிலும் எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிப் பேர் அவரிடம் வண்டி விடுகிறவர்கள். "சத்தம் ஜாஸ்தின்னு உனக்கு நேத்தே தெரியும்ல? தெரிஞ்சும் அனுப்பினியே! எங்களைச் சாவடிக்கப் பாத்தியா? அவரு இருந்தா இப்படி ஏனோதானோன்னு செஞ்சிருப்பியா?"

அவர் அசந்துபோனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணி, நடுவுல வேற யாராச்சும் வண்டில கை வெச்சாங்களா?"

"யாரு வெப்பாங்க? இவன் ஒருத்தன்தான் கூட இருந்தான். என் தம்பி தொட்டா சொல்லிட்டுத்தான் தொடுவான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன். பாக்கெட்டில் இருந்த வால்வு ஆறிப்போயிருந்தது.

"அப்போ நான்தான் எங்கியோ வுட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோயில் வாசலில் ஒருவர் சொல்லி ஒருவராக வந்த கூட்டம், அதே வாசலில் ஒருவர் சொல்லி ஒருவராக வராமல் நின்றது. ஒரு வருடத்துக்குள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வேறு யாரோ பழைய பேப்பர் கடை போட்டார்கள். கார் ரிப்பேராகி வந்தது. அக்கா அதை ஓட்ட மனமில்லாமல் விற்றாள். வாங்கியவன் பானட்டைத் திறந்து, "இன்னா மேடம் இது, எங்க பாத்தாலும் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டான். அக்கா உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஆபீஸ் கேப் நிற்கும் ஷெட்டில் அவரைப் பார்த்தேன். கேப் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நீல யூனிஃபார்ம், கழுத்தில் அட்டை. "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். சார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஷெட்டுக்கு வருகிற எல்லோரையும் அழைப்பது போலவே அழைத்தார். மறுநாளிலிருந்து நான் சுற்றிக்கொண்டு போய் வேறு கேட்டில் கேப் ஏறினேன்.

போன மாதம் ஒரு கேப் டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க ஷெட்ல ஒரு பெரியவர் இருக்காரு சார். ஒரு கிளாம்ப்பை டைட் பண்ணிட்டுப் போவாரு, திரும்பி வந்து பாப்பாரு, மறுபடி போவாரு, மறுபடி வந்து பாப்பாரு. ஒரு வண்டி வெளிய வர மத்தியானம் ஆயிடும். சூப்பர்வைசர் தினமும் திட்டறான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பொம்மனஹள்ளி தாண்டும்போது அந்தத் தகரக் கூரை கண்ணில் படுகிறதா என்று பார்த்தேன்.

அன்று சாயங்காலமே நீலசந்திரா போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்தாள். திரும்பி மாமா போட்டோவைப் பார்த்தாள்.

"வண்டி போனா போகுதுடா. எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது? அத்தனை பேரு எதிர்ல அவனைக் கேட்டேன். நீயும் அங்கதானே நின்னே? அவன்கிட்ட போய்ச் சொல்லு. அப்புறம் நான் போறேன். உன்கூட வர மாட்டேன்."

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒரு கேப் வண்டியின் பானட்டுக்குள் குனிந்திருந்தார். என் கண் தன்னால் மஞ்சள் பொட்டைத் தேடியது. ஒன்றுகூட இல்லை. வால்வை எடுத்து நீட்டினேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். என்ன என்று கேட்கவே இல்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எந்த வண்டியிது?"

"அக்கா வண்டிண்ணா."

திருகை விரலால் தடவிப் பார்த்தார். "எத்தனை சுத்து?"

"ரெண்டரை."

"நான் பைப் மாத்தறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி. ரெண்டு மாசம் முன்னாடி."

தலையை ஆட்டினார். மனதுக்குள் அந்தக் காரை ஒரு முறை பிரித்துப் பூட்டியிருப்பார். "அன்னிக்கு இது எங்க இருந்துச்சு?"

"என் பாக்கெட்ல."

"கல்லறையிலயா?"

"ஆமாண்ணா."

பக்கத்து வண்டியில் யாரோ ஹாரனைச் சோதித்தார்கள். அது நிற்கும் வரை காத்திருந்தார்.

"அந்தப் பைப்போட கிளாம்ப்பை முடுக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு சார். பொட்டு வெச்சதும் ஞாபகம் இருந்துச்சு. அண்ணி அப்பிடி அடிச்சுச் சொன்னதும், என் ஞாபகம்தான் பொய்யோன்னு ஆயிடுச்சு. அதுல இருந்து எதைத் தொட்டாலும் இந்தக் கையை நம்ப முடியல."

"மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். நான்கு வருடம் சுமந்த வார்த்தை. வெளியே வந்ததும் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்போ கை சரியாத்தான் இருந்திருக்கு" என்றார், என்னிடம் அல்ல. வால்வை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "டைம் ஆகுது சார், வண்டி வுடணும்" என்று மறுபடி பானட்டுக்குள் குனிந்தார். ஒரு கிளாம்ப்பை முடுக்கினார். ஸ்பேனரைத் துடைத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நான்கடி நடந்தார். நின்றார். திரும்பிப் போய் அதே கிளாம்ப்பை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.